அப்பாவின் நன்றி நவிலலில் விடுபட்டவர்களுக்கு

அப்பாவின் அந்தியேட்டியன்று கொடுத்த கல்வெட்டின், அதாவது நினைவுப் புத்தகத்தின், கடைசிப் பக்கத்தில் வழமைபோல நன்றி நவிலல் அச்சிட்டிருந்தோம். செய்தி கேட்டு ஓடி வந்தவர்கள், தொலைபேசியில் துயர் பகிர்ந்தவர்கள், மலர்வளையம் சாத்தியவர்கள், சமைத்துக் கொண்டுவந்தவர்கள் என்று எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. அப்பாவின் நோயைப் பற்றி அறிய ஸ்கொட்லாந்திலிருந்து லண்டனுக்கு வந்து, இரண்டரை மணித்தியாலம் அம்மாவோடு இருந்து கதைத்துவிட்டுப் போனவருக்கு இடம் இருக்கவில்லை. அழுதுகொண்டு எழுதிய பக்கம் அது, தவறிவிட்டது. அந்தக் கடனை இப்போது தீர்க்கிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. முதலில் படிகள் வளைந்து தெரிகின்றன என்றார். கண்ணாடியை மாற்றினோம். அப்புறம், இருபது வருடம் போய்வந்த கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். ஓரிடத்தில் பக்கவாதம் என்றார்கள். இன்னோரிடத்தில் மன அழுத்தம் என்று குளிசை தந்தார்கள். ஆறு வாரம் அப்படியே போயிற்று. அதற்குள் வாசல் மணி அடித்தாலே உடம்பு தூக்கிவாரிப் போடத் தொடங்கிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்காது.

மூன்றாவது இடத்தில் ஓர் இளம் நரம்பியல் மருத்துவர் எம்ஆர்ஐ படத்தை நீண்ட நேரம் பார்த்தார். மூளையின் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் வெளிறித் தெரிந்த இடங்களை எனக்குக் காட்டி, மூளையை வேகமாக அழிக்கும் குரொய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோயாக, அதாவது சிஜேடியாக இருக்கலாம் என்றார். மருந்தில்லை என்பதையும் மறைக்கவில்லை. அன்று பின்னேரமே ஸ்கொட்லாந்திலுள்ள எடின்பரோவுக்குத் தொலைபேசி எடுத்தார். டொக்டர், நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் உங்களோடு கோபமாகக் கதைத்தேன். நீங்கள் அந்த அழைப்பை எடுத்ததால்தான் மற்ற எல்லோரும் எங்களிடம் வந்தார்கள். முதல் நன்றி உங்களுக்கு.

எடின்பரோ வெஸ்டர்ன் ஜெனரல் ஆஸ்பத்திரியில் தேசிய சிஜேடி ஆய்வு, கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. பிரித்தானியாவில் எந்த மூலையில் இந்த நோய் என்று சந்தேகம் வந்தாலும் அங்கே தெரிவிப்பார்கள். பத்து லட்சம் பேருக்கு ஆண்டில் ஒருவர், இருவருக்கு வரும் நோய் என்பதால், ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் போகலாம். அந்தப் பிரிவில் இருந்து ஒரு மருத்துவரும் ஒரு நேர்ஸும் வந்து அப்பாவைப் பரிசோதித்தார்கள். அப்புறம் அம்மாவிடம் கேள்விகள்.

பிறந்த ஊர் எது, என்ன வேலை செய்தார், எந்த வயதில் என்ன ஆபரேஷன், இரத்தம் ஏற்றினார்களா, இரத்தம் கொடுத்தாரா, என்ன இறைச்சி சாப்பிட்டார் என்று பக்கம் பக்கமாக இருந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மாட்டிறைச்சி இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை என்று அம்மா உறுதியாகச் சொன்னார். மூளை சாப்பிட்டிருக்கிறாரா என்று கேட்டபோது மட்டும் பேச்சு நின்றுவிட்டது. சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊரில இருக்கேக்க ஆட்டு மூளை பொரிச்சுக் குடுத்தனான். விருப்பமாச் சாப்பிடுவார்."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அந்த மருத்துவர் பேனாவை மூடிவிட்டு அம்மாவைப் பார்த்தே பேசினார். ஆடுகளிலும் இதே வகை நோய் 200 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது, ஆனால் அதனால் மனிதருக்கு வந்ததாக ஒரு சான்றும் இல்லை, உங்கள் சமையலால் இது வரவில்லை என்றார். நான் தமிழில் சொல்வதற்கு முன்பே அம்மா அழத் தொடங்கிவிட்டார். மூன்று வாரமாக அம்மா சாப்பிடாமல் இருந்தது எதனால் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இவ்வளவு ஏன் கேட்கிறார்கள் என்று அன்று எனக்குச் சினமாகவும் இருந்தது. பிறகு வாசித்து அறிந்துகொண்டேன். 1986 இல் இந்த நாட்டு மாடுகளில் இதே வகை நோயைக் கண்டார்கள். அது மனிதருக்கும் வருகிறதா என்று கவனிக்க, 1990 இல் நரம்பியல் மருத்துவர் ரொபர்ட் வில் தலைமையில் இந்தப் பிரிவைத் தொடங்கினார்கள். 42 வயதுக்கு உட்பட்ட பத்துப் பேரின் நோய் வேறு மாதிரி இருப்பதை அவர்கள்தான் கண்டார்கள். அதே பிரிவின் நோயியல் நிபுணர் ஜேம்ஸ் அயன்சைட் அந்த மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்தார். நடுவில் ஒரு திட்டு, சுற்றிவர இதழ்கள் போல ஓட்டைகள். மாட்டு நோயிலிருந்து இது வந்திருக்கக்கூடும் என்று 1996 மார்ச் 20 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். அந்தப் புதிய வகையால் இங்கே 178 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருந்து யாரோ ஒருவர் இதே கேள்விகளுக்குப் பதில் சொன்னதால்தான் அது வெளியே வந்தது. அந்தக் குடும்பங்களை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நன்றி.

அப்பாவின் முதுகுத்தண்டு நீரைச் சோதித்த ஆய்வுகூடத்தினருக்கு: உங்கள் பரிசோதனையை அம்மாவுக்கு நான் உறைமோரை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். ஒரு துளி விட்டால் சட்டிப் பால் முழுதும் உறைவதுபோல, வடிவம் பிழைத்த புரதம் ஒன்று பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போலவே ஆக்கிவிடும். நீங்களும் அந்த நீரை நல்ல புரதத்தில் விட்டு, உறைகிறதா என்று பார்க்கிறீர்கள். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப அது அவருக்குத் தானாத்தான் வந்ததோ?" என்றார். ஆம், தானாக வந்ததுதான். மரபணுப் பரிசோதனையும் எங்களுக்குப் பயமில்லை என்று சொன்னது.

பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு என்ன எழுதுவது! அப்பாவை வீட்டிலேயே வைத்திருக்க விரும்புகிறோம் என்றோம். ஒரு வாரத்துக்குள் கட்டில் வந்தது, இரவுக்கு ஆள் வந்தது, அதற்கான நிதிக்கும் நீங்களே எழுதினீர்கள். அப்போது எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவே சிலர் பயந்தார்கள். பராமரிக்க வந்த ஒருவர்கூட இரண்டு கையுறை போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். நீங்கள் கையுறை இல்லாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே, தொடுவதால், சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது என்று அவருக்கு விளங்கப்படுத்தினீர்கள். பிறகு அவரே அப்பாவுக்குத் தலை வாரிவிட்டார்.

நோய் தொடங்கி நான்காம் மாதம் அப்பா போய்விட்டார். மூளையை ஆய்வுக்குக் கொடுப்பதா என்று வீட்டுக்குள் வாக்குவாதம் நடந்தது. சித்தப்பாவுக்கு விருப்பமில்லை. அம்மாதான் முடிவெடுத்தார். உடலை நாலாம் நாள் திருப்பித் தந்தார்கள். முகம் பார்க்கலாமா, நெற்றியில் திருநீறு பூசலாமா என்று கேட்டோம். பூசலாம், முத்தமும் கொடுக்கலாம் என்றார்கள். அந்த ஒரு பதிலுக்காக மட்டும் நூறு தடவை நன்றி சொல்லலாம்.

1995 இல் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய சிஜேடி சப்போர்ட் நெட்வொர்க்கின் தொலைபேசியில் என் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கும், எதற்கும் பயப்படாமல் தினமும் இடியப்பம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மாமிக்கும் நன்றி.

ஆய்வு அறிக்கை வந்துவிட்டது. அம்மா அதைச் சாமியறையில் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மீதமிருக்கும் கல்வெட்டுகளில் இந்தப் பக்கத்தையும் ஒட்டச் சொல்கிறார். ஒன்றை எடின்பரோவுக்குத் தபாலில் போடப் போகிறேன். தமிழில் இருக்கிறதே அம்மா என்றேன். "பரவாயில்லை, அப்பான்ர படம் இருக்குத்தானே. அந்தப் பிள்ளைக்கு ஆளைத் தெரியும்," என்றார்.