பிஸ்கட்டுக்காக இரத்தம் கொடுப்பவனுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்
14 மார்ச் 2021

அன்புள்ள கோபால்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாததற்கு என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். இதைப் படித்த பின் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள். நாங்கள் நலம் என்று இன்றுதான் மனமார எழுத முடிகிறது.

ஜனவரியில் எங்கள் வீடே கொரோனாவில் படுத்தபோது பேத்தி தர்ஷினிக்கு வந்தது இரண்டு நாள் மூக்கொழுகல் மட்டுமே. கிழங்கள் பிழைத்த கதையை நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கையில், நான்கு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் 40 டிகிரிக்கு ஏறியது; வாந்தியும் வயிற்றுவலியும் சேர்ந்துகொண்டன. முதலில் பார்த்த மருத்துவர் வயிற்றுக் கோளாறு என்று மருந்தெழுதி அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாம் நாள் பீளையே இல்லாமல் கண்ணிரண்டும் சிவந்து, உதடு வெடித்து, பாதங்கள் ஜில்லிட்டுப் போனபோது பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்த அழுத்தம் விழுந்து கிடந்ததால் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

மூக்கில் எடுத்த சோதனையில் கிருமி இல்லை. அதை எதிர்த்த சுவடு மட்டும் இரத்தத்தில் இருந்தது. கிருமி வந்துபோன இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் சில பிள்ளைகளின் எதிர்ப்பாற்றல் அடங்காமல் சொந்த உறுப்புகளின் மீதே பாய்கிறதாம். உன் நாய் டைகர் திருடனை விட்டுவிட்டு உன் மாமனாரைக் கடித்தானே, அதுதான். 2020 ஏப்ரலில் இங்கிலாந்து மருத்துவர்கள் எச்சரித்து, மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் வரையறை எழுதிய MIS-C (பிள்ளைகளின் பல உறுப்புகளில் வரும் அழற்சி) என்ற நோய் இது. 1967இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட, இரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோயின் சாயல் இருந்தாலும், அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வருவது. இதுவோ எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைத் தேடி வந்து இதயத்தைப் பலவீனப்படுத்துகிறது.

தாய் ஒருத்திக்கு மட்டுமே உள்ளே அனுமதி என்பதால் நான் கார் நிறுத்துமிடத்திலேயே இரவைக் கழித்தேன். இரத்த அழுத்தத்தை உயர்த்த அட்ரினலின் ஏறிக்கொண்டிருப்பதையும் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு தொடங்கியதையும் மருமகள்தான் போனில் சொன்னாள். அப்புறம் இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரத மருந்து வந்தது. எடை கிலோ ஒன்றுக்கு 2 கிராம் வீதம் 25 கிலோ பிள்ளைக்கு 50 கிராம். குலுக்கினால் நுரைத்துவிடும் என்று செவிலியர் ஒவ்வொரு குப்பியையும் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து மாட்டினாராம். ஏறி முடிய ஏறக்குறைய 12 மணி நேரம் ஆயிற்று.

அந்த மருந்து ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஒன்று சேர்த்துச் செய்வது என்பதும், நம் தென்னாப்பிரிக்காவில் அதைச் செய்யும் இடம் இங்கிருந்து எட்டும் தூரத்திலுள்ள பைன்டவுன் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வருடா வருடம் இரத்தம் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டுக்காகத்தான் போகிறேன் என்பாயே, உன் துளியும் அதில் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவளுக்கு உன் பிடிவாதமும் ஒட்டியிருக்கும். மருத்துவமனைக் கஞ்சியைத் தள்ளிவிட்டதைப் பார்த்தால் ஒட்டியிருக்கிறது என்றே படுகிறது. சிரிக்காதே. அன்றிரவு நான் அழுதேன்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். சிறிதளவு ஆஸ்பிரினும் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனைகளும் தொடர்கின்றன. தட்டம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளைப் பதினொரு மாதம் தள்ளிப்போட வேண்டுமாம். இதயத் தமனிகளில் வீக்கமில்லை, ஆனால் சில மாதங்களுக்கு ஓட்டமும் விளையாட்டும் கூடாது. என் மனைவி சரோஜாவோ, பிள்ளை சித்திரைக் காவடிக்குப் பால்குடம் எடுப்பாள் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். திருவிழா நடக்குமோ நடக்காதோ. நடந்தால் அந்தக் குடத்தை நீதான் தூக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் பஸ்ஸுக்கு இப்போதே சீட்டு எடுத்துவிடு.

உன்,
சுப்பையா