செயலாளரின் ஆண்டறிக்கை, 2025 (பினாங்கு)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, இரத்ததான முகாம், மாணவர் கல்வி நிதி ஆகியவை வழக்கம்போல் நிறைவேறின. வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான நமது உதவி மேசையைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும்.

ஞாயிறு மாலை மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உணவகங்களில் வேலை செய்யும் தமிழக இளைஞர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் ஒரு தம்பி நீட்டியது நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய கணக்கு. தங்குமிடம், முன்பணம், வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் லெவி வரி என வரிசையாகப் பிடித்தம். லெவியை முதலாளியே கட்ட வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. “நம் ஊர்ப் பிள்ளைதானே, ஒப்பந்தம் எதற்கு?” என்றாராம் முதலாளி. ஊர்ப்பாசத்தைக் காட்டியே வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பெண்கள் மேசைக்கு வரவே இல்லை. எப்படி வருவார்கள்? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் ஓய்வுநாள், வேலை நேரம், பேறுகாலப் பிரிவுகள் வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பொருந்தா. குறைந்தபட்சச் சம்பளமும் அவர்களுக்கு இல்லை. அதனால் நம் மகளிர் பிரிவினரே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்துக்குச் சென்றார்கள். குப்பை கொட்ட இறங்கிய இலங்கை மலையகப் பெண் ஒருவர், பையைக் கீழே வைக்காமலே பேசினார்; தாமதித்தால் மேலிருந்து அழைப்பு வரும். அவருடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எசமானியின் அலமாரியில் இருக்கிறது. பிறர் கடப்பிதழை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

சபையில் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன்: பணிப்பெண் வைத்திருக்கும் வீடுகளில் நம் உறுப்பினர்களின் வீடுகளும் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் ஆண்களோடு பால்மரம் சீவி, அவர்களைவிடக் குறைந்த கூலி வாங்கிய பெண்களின் பேரப்பிள்ளைகள் நாம். வசதி வந்ததும் நாமும் அலமாரியைப் பூட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். பணிப்பெண் வைத்திருக்கும் உறுப்பினர்கள் கடப்பிதழை அவரிடமே கொடுத்து, வாரம் ஒருநாள் விடுப்பை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். கீழ்த்தளப் பணிக்கு மலாய் நன்கு பேசும் தொண்டர்களைச் சேர்க்க வேண்டும். இந்தோனேசியப் பெண்களும் அதே மின்தூக்கியில்தான் குப்பைப் பையோடு இறங்குகிறார்கள், தமிழ் மட்டும் பேசும் மேசையால் அவர்களுக்குப் பயனில்லை.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்