நைனாவுக்கு, பெத்தூனிலிருந்து

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லையா? இங்கே பிரான்ஸில் குளிர் இறங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கிறது. கிடங்கு வேலை பழகிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, மீன் மட்டும் காசிமேட்டு மீன் மாதிரி வராது.

போன ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவர், "உங்க நாட்டு ஆளுங்க இங்க இருக்காங்க, நீ வந்து பார்க்கணும்" என்று நெவ் ஷாப்பேல் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். வயல்களுக்கு நடுவே வட்டமாக ஒரு கல் சுவர். பாதி வட்டம் துளைத் துளையாகச் செதுக்கிய ஜாலி வேலைப்பாடு, மறுபாதி முழுக்கப் பெயர்கள். முன்னால் உயரமான தூண், அதன் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய புலிகள். முதல் உலகப் போரில் இந்தப் பக்கம் இறந்து, உடல் எங்கே என்றே தெரியாமல் போன இந்தியச் சிப்பாய்கள், கூலியாட்கள் 4,700 பேருக்கு மேல் அந்தச் சுவரில் இருக்கிறார்கள், நைனா. 1915 மார்ச் 10-ஆம் தேதி பெரிய சண்டை தொடங்கியது இங்கேதான்.

பெயர்களைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். புல்லைப் படிய வெட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு குப்பை கிடையாது. இந்தப் பக்கம் இன்னும் ஏர் ஓட்டினால் குண்டு கிளம்புமாம். வயல்காரர்கள் அதைப் பாதை ஓரமாக எடுத்து வைப்பார்கள், செயலிழக்க வைக்கிறவர்கள் வந்து கொண்டுபோவார்கள். 2016-இல் பக்கத்தில் ரிஷ்பூர் ஊரில் கால்வாய் தூர்வாரும்போது இரண்டு பேரின் எலும்புகள் கிடைத்தன. சட்டையின் தோளில் இருந்த 39 என்ற எண்ணை வைத்து இந்தியப் படையின் கர்வால் பிரிவுக்காரர்கள் என்று கண்டுபிடித்து, மறு வருடம் லவாந்தி கல்லறையில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பெயர் தெரியாத இரண்டு பேருக்கு, நூறு வருடம் கழித்து! அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நான் சேட்டை செய்தால் ஆயா 'எம்டன்' என்று திட்டுமே, அந்த ஜெர்மன் போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. நான்கே நாளில், 26-ஆம் தேதி, இந்தச் சிப்பாய்களின் முதல் கூட்டம் பிரான்ஸில் மார்சேய் துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கிறது. ஒரே போர், நைனா. நமக்கு அதில் திட்டுகிற வார்த்தை மட்டும் மிஞ்சியது.

அப்புறம் நம் மாடிப் பூங்கா ஞாபகம் வந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் அந்தச் சுவர் மேல்தானே நான் விளையாடுவேன். 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கறுப்பர் நகரத்தை, அதாவது இப்போதைய ஜார்ஜ் டவுனை, பிடித்து, ஆங்கிலேயரின் கோட்டையை இரண்டு மாதம் முற்றுகை போட்டார்கள். ஜார்ஜ் டவுன் தெருக்களிலேயே வெட்டிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் பக்கம் இருந்த கான் சாகிப் மருதநாயகத்தின் சிப்பாய்கள் வெளியிலிருந்து அவர்களைத் தொல்லைப்படுத்தினார்கள். அந்தப் பயத்தில் பிறகு கட்டிய மதில்தான் அது. அதற்கான வரியின் பெயரில்தான் வால்டாக்ஸ் ரோடு. கிளைவ் பேட்டரி என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம், அங்கே பீரங்கி நின்றது யாருக்கு ஞாபகம்? அந்தச் சண்டையில் செத்த நம் சிப்பாய் ஒருவன் பெயரைக்கூட நான் நம் பக்கம் எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை. இங்கே அந்நியர்கள் நம்மவர்களைக் காக்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

ஒரு வேலை செய்யுங்கள் நைனா. தங்கச்சி மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் மாடிப் பூங்காவுக்குப் போங்கள். சுவரில் எங்கெங்கே செடி முளைத்திருக்கிறது, எங்கே செங்கல் பெயர்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய ஆட்களிடம் அந்த இடத்தைப் பற்றி என்ன கதை இருக்கிறது என்று கேட்டு அவள் ஒரு நோட்டில் எழுதட்டும். சுவரைக் காக்கச் சொல்லி மனு எழுத வேண்டியது என் பொறுப்பு. யாருக்கு அனுப்புவது என்று விசாரித்து வைக்கிறேன்.

அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் வாங்கி வைத்திருக்கிறேன், மார்கழிப் பனிக்கு ஆகும்.

அன்புடன்,
உங்கள் மகன்