கிரைண்டிங்கில்தான் நிற்கிறது

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கணக்குத் தாள் வந்தது. கூடவே இரண்டு வரி எழுதியிருக்கலாம். அம்மா கேட்டாள், நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிவைத்தேன்.

ஷிஃப்டுக்கு 280 பீஸ் என்று போட்டிருக்கிறாய். அது லேத்தின், அதாவது கடைசல் மெஷினின் திறன், பட்டறையின் திறன் அல்ல. 480 நிமிடத்தில் இடைவேளை, துடைப்பு எல்லாம் கழித்து 420 எடுத்தாய் பார், அது சரி. பாதிப்பேர் 480-ஐ அப்படியே வகுப்பார்கள். பீஸுக்கு 3 நிமிடம், இரண்டு லேத், அதனால் 280. டிரில்லிங் 2 நிமிடம், ஒரே மெஷின்: 210. கிரைண்டிங், சாணைச் சக்கரத்தில் தேய்ப்பது, இரண்டரை நிமிடம், அதுவும் ஒரே மெஷின்தான். தேய்ந்த சக்கரத்தைச் சீராக்கும் வீல் டிரெஸ்ஸிங்குக்கு 20 நிமிடம் போனால் 400, அதை இரண்டரையால் வகுத்தால் 160. மூன்றிலும் இதுதான் குறைவு, எனவே பட்டறைக்கும் இதுதான். கடைசியில் 5 சதவீதம் ரிஜெக்ட். மிஞ்சுவது 152. யாரைத் திட்டினாலும் இதற்கு மேல் வராது. 200 தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் முன் இதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? பெரியப்பா விஷயத்தை நான் எழுதப் போவதில்லை.

280-ஐ ஐந்து பேரின் 40 மணியால் வகுத்து, ஆளுக்கு மணிக்கு 7 வர வேண்டும், வரவில்லை, ஆட்கள் மந்தம் என்கிறாய். நல்ல பீஸை மட்டும் எண்ணு. 152-ஐ 40-ஆல் வகுத்தால் 3.8; இந்த அமைப்பில் அவ்வளவுதான் வரும். லேத்காரர்களை விரட்டினால் கிரைண்டிங் முன்னால் சரக்கு குவியும், வேறொன்றும் நடக்காது.

ஐந்து பேரையும் ராத்திரி இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கிறாயாமே. அந்த 120 நிமிடத்தில் 48 பீஸ் கூடும். மொத்தம் 208, ரிஜெக்ட் போக 197. ஐந்து பேர் பத்து மணி வீதம் ஆள்மணி 50, எனவே ஆளுக்கு மணிக்கு 3.9. கிரைண்டிங்காரரும் செக்கிங்காரரும் மட்டும் இருந்தாலும் அதே 197-தான். ஆள்மணி 44, ஏறக்குறைய 4.5. டிரில்லிங் பகலிலேயே 210 தந்துவிடும். மற்ற மூவர் வீட்டுக்குப் போகட்டும். நீயும் போ.

ரிஜெக்டில் பாதி லேத் அளவுப் பிழை என்று உன் தாளே சொல்கிறது. அதை லேத் முடிந்ததும் அளந்து பிடி. தப்பான பீஸுக்குக் கிரைண்டிங்கின் இரண்டரை நிமிடத்தைக் கொடுக்காதே. லேத்தில் நேரம் மிச்சம் இருக்கிறது, வேறு பீஸ் போட்டுக்கொள்ளலாம். 208-இல் இரண்டரை சதவீதம் போனால் 202. உன் வாக்கு நிற்கும், மயிரிழையில். டிரில்லிங் பத்து நிமிடம் நின்றால் 5 பீஸ் போய்விடும்; எனவே கிரைண்டிங் முன்னால் எப்போதும் 12 பீஸாவது இருக்கட்டும், அரை மணிக்குப் போதும்.

அந்த இரண்டரை நிமிடத்தை எப்போது எடுத்தாய்? பொருத்துவது, கழற்றுவது, மைக்ரோமீட்டரில் அளப்பது எல்லாம் சேர்ந்ததுதானா? காலையில் எடுத்த ஒரே நேரத்தை நம்பாதே. தொடர்ச்சியாகப் பத்து பீஸுக்கு எடு, மாலையிலும், டிரெஸ்ஸிங்குக்குச் சற்று முன்பும் எடு. 3 நிமிடம் என்று வந்தால் 160 என்பது 133 ஆகிவிடும், மேலே எழுதியதெல்லாம் மாறும். நல்ல பீஸை மட்டும் எண்ணு, மறுபடியும் சொல்கிறேன்.

புது நேரத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். நான் போனை எடுத்தால் கணக்கைப் பற்றி மட்டும்தான் பேசுவேன்.

அப்பா