நாக்கை உடைத்த கேசட்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ மாதாமாதம் பணம் கட்டுகிற பாட்டுச் செயலியின் குடும்பக் கணக்கிலிருந்து நான் விலகிய மறுநாளே அக்கா போன் போட்டுவிட்டாள். "ஏலே, அவன் சங்கடப்படுதான். ஒனக்கு என்ன கோவம்?" என்றாள். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போன ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் போய்த் தங்கினோமே, அங்கே தொடங்கியது இது. ராத்திரி சாப்பாடு முடிந்து பாயை விரித்ததும் உன் தாத்தா, "பட்டன் கதை இருந்தா போடுடே" என்றார். பட்டவராயன் சன்னதியில் செருப்பு காணிக்கை கட்டிவிட்டு வந்த கையோடு, அங்கே பட்டவராயனாகக் கும்பிடுகிற முத்துப்பட்டனின் வில்லுப்பாட்டுக் கதையைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? நீயும் பெருமையாக ஸ்பீக்கரை எடுத்து வைத்தாய். எல்லாம் இறக்கி வைத்திருக்கிறேன், டவரே வேண்டாம் என்றாய். திறந்து பார்த்தால் அத்தனை பாட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. இந்தச் செயலிகள் பலவற்றில் இறக்கிவைத்த பாட்டும் 30 நாளைக்கு ஒரு தடவை இணையத்தைத் தொட்டுவிட்டு வந்தால்தான் வாய் திறக்கும். நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை பாறையாக ஏறினதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரித்தன. கடைசியில் வேன் டிரைவர் தன் பென்டிரைவைச் சொருகி மானத்தைக் காப்பாற்றினார்.

அதுகூடப் பரவாயில்லை. பாபநாசத்துக்கு இறங்கினதும் எல்லாப் பாட்டும் உயிர் பெற்று வந்தது, அந்த ஒரு வில்லுப்பாட்டு மட்டும் வரவில்லை. பெயர் இருந்தது, பாட்டு இல்லை. ஏன் என்று யாரைக் கேட்பது?

நம் தாத்தா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குத்தான் வயல் உழுதார். கார், பிசானம் இரண்டு பூ விளைச்சலுக்கும் நிலம் அடுத்தவருடையது. ஆனாலும் பாட்ட நெல்லை அளந்து கொடுத்ததுபோக மிச்சம் நம் வீட்டில் நெல் கொட்டி வைக்கிற குலுக்கைக்கு வந்தது. நீ இத்தனை வருஷமாகக் கட்டினதில் உன் குலுக்கையில் என்ன விழுந்திருக்கிறது? நாளைக்குக் கட்டுவதை நிறுத்தினால், காசில்லாமல் கேட்கிறவனுக்குக் கிடைக்கிற விளம்பரம்தான் உனக்கும்.

உனக்கு ஃப்ளைட் ஞாபகம் இருக்காது. பிளிப்கார்ட் 2012இல் திறந்த பாட்டுக் கடை அது. ஒற்றைப் பாட்டையும் தனியாகக் காசு கொடுத்து எம்பி3 ஆக இறக்கிக்கொள்ளலாம், பூட்டு கிடையாது. 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். கடை போனது, அங்கே நான் வாங்கின பாட்டுகள் போகவில்லை. இன்றைக்குக் காலையில்கூட ஷேவ் பண்ணும்போது அதில் ஒன்றைக் கேட்டேன். இதற்கு நேர்மாறாக, 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் கம்பெனியின் பாட்டுகளை ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியிலிருந்து எடுத்தார்கள். இரண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தம் படியவில்லை. மாதக் காசு கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாடுகிறவர் கணக்கையும் பார். ஓராண்டில் 1000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ராயல்டி கிடையாது. நம் பக்கத்து வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தின் மகுட மேளத்தையும் வருஷத்துக்கு எத்தனை பேர் தேடிக் கேட்பார்கள் என்று நினைக்கிறாய்? பாடுகிறவரே பாட்டை நேராக விற்கிற பேண்ட்கேம்ப் மாதிரி இணையக் கடையில் 100 ரூபாய்க்கு ஒரு ஆல்பம் வாங்கினால், கடைக்காரருக்கு 15 ரூபாய், பணம் அனுப்புகிற செலவு கொஞ்சம், மீதி பாடினவருக்கு. எம்பி3யும் கிடைக்கும், தரம் குறையாத ஃபிளாக் கோப்பும் கிடைக்கும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். தமிழ் சினிமாப் பாட்டை முறையாக விலைக்கு வாங்க இன்றைக்குக் கடை தேடி அலைய வேண்டியிருக்கிறது. நான் பழைய ஆடியோ சிடியாகப் பொறுக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்கிறேன். புதுப் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று ருசி பார்க்க உன் செயலி போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை. வைத்துக்கொள்வதிலும் தொல்லை உண்டு. ஒரு ஹார்டு டிஸ்க் செத்துப்போய் நான் இரண்டு நாள் சாப்பிடாமல் திரிந்ததை உன் அத்தை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். இப்போது எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி. ஒன்று என் மேசையில், ஒன்று உங்கள் வீட்டு பீரோவில், அக்காவின் பட்டுச்சேலைக்கு அடியில்.

சேரன்மகாதேவியில் உங்கப்பா கடையில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் நிற்கிற மூலையில்தான் அன்றைக்கு ரெக்கார்டிங் டெக் இருந்தது. ஆட்கள் நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுவாரம் வந்து கேசட்டை வாங்கிப்போவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு. கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் சும்மா விடமாட்டார், அதற்குள் அடங்குகிற மியூசிக் ஒன்றைத் தேடிப் போடுவார். காப்புரிமை என்ற வார்த்தை அன்றைக்கு எங்கள் யார் வாயிலும் வந்ததில்லை. அது தப்புதான். பதிவு முடிந்ததும், கேசட்டின் முதுகில் ஓரத்தில் இருக்கிற பிளாஸ்டிக் நாக்கை ஸ்க்ரூடிரைவர் நுனியால் 'டக்'கென்று உடைப்பார். அப்புறம் அதன்மேல் யாரும் பதிவு பண்ண முடியாது.

தன் சொந்தக் கேசட்டுகள் இருந்த அட்டைப்பெட்டியை அவர் என்னிடம் கொடுத்துவிட்டார். மூன்று மாதமாக ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடமும் பக்கத்தில் உட்கார வேண்டும். கேசட் நாடாவைத் தொடுகிற ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, பக்கத்தில் இருக்கிற பொடி ஸ்க்ரூவை ஒரு மயிரிழை திருப்பினால், அமுங்கிக் கிடந்த சத்தம் பளிச்சென்று எழுந்து வரும். திருநெல்வேலி வானொலியிலிருந்து பிடித்த காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் ஒன்று அப்படித்தான் எழுந்து வந்தது. அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

அந்தப் பெட்டியில் நம் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், ரேடியோ செட்டுக்காரரின் ஆம்ப்ளிபயரிலிருந்து நேராக வயர் இழுத்துப் பதிந்த முத்துப்பட்டன் கதையும் இருந்தது. இரண்டு கேசட். ஏனோ அதில் ஒன்றுக்கு மட்டும் உங்கப்பா நாக்கை உடைக்க மறந்திருக்கிறார். பொம்மக்காவையும் திம்மக்காவையும் பட்டன் பெண் கேட்டு நிற்கிறான், அவர்கள் அப்பா வாலப்பகடை பதில் சொல்லப் போகிறான், அந்த இடத்தில் சத்தம் அறுந்து, 11 விநாடிக்கு ஒரு பயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "அம்மா, செவப்பு பட்டன் அமுக்கிட்டேன்" என்கிறான். அப்புறம் திரும்பவும் வில்லும் குடமும்.

நீதான். நாலு வயசு இருக்கும்.

மெமரி கார்டில் போட்டுக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அந்த 11 விநாடியை வெட்டிவிடவா என்று உங்கப்பாவிடம் கேட்டேன். "கெடக்கட்டும்டே" என்றார். கோப்புக்கு 'பட்டன் கதை 2' என்று பெயர் வைத்திருக்கிறேன், எந்தப் பட்டன் என்று எழுதவில்லை.

அன்புடன்,
மாமா