விதைக்காய்ச் சிற்பத்துக்கு வேலி வேண்டாம்

சமுதாயக் கூட நிர்வாகக் குழுவினருக்கும் சிற்பத் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். கூடத்தின் முற்றத்தில் நிறுவுவதற்கு, வெடித்துத் திறந்த விதைக்காயின் வடிவத்தை நீங்கள் தேர்ந்தெடுத்ததை நான் மனமார வரவேற்றேன். ஆனால் திருத்தப்பட்ட வரைபடத்தில் அச்சிற்பம் இடுப்பளவு உயரமுள்ள பீடத்தின் மேல் ஏறியிருக்கிறது; சுற்றிலும் கம்பி வேலி நிற்கிறது; வெண்கலம் என்றிருந்த இடத்தில் கார்ட்டன் எஃகு என்று மாறியிருக்கிறது. இம்மூன்றையும் மறுபரிசீலனை செய்யுமாறு, வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்கிறேன்.

விதைக்காய் என்பது தூரத்தில் நின்று பார்க்கும் பொருளன்று. கையிலெடுத்துப் புரட்டி, ஓட்டின் சொரசொரப்பையும் உள்ளறையின் வழவழப்பையும் விரலால் அறிந்தபின்தான் அதன் வடிவம் மனத்தில் பதிகிறது. பார்வையற்றோருக்கோ தொடுதலே பார்வை. ஜப்பானின் சப்போரோ நகரில், ஓடோரி பூங்காவில், இசாமு நொகுச்சி வடிவமைத்த கருங்கல் சிற்பம் ஒன்று 1992-இல் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 80 டன் எடையுள்ள அந்தச் சுருள் வடிவத்தின் பின்புறப் படிகளில் ஏறிக் குழந்தைகள் சறுக்கி இறங்குகிறார்கள். அதனால் அதன் கலைமதிப்பு ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

செலவைக் குறைக்கவே உலோகம் மாற்றப்பட்டது என்று அறிகிறேன். கார்ட்டன் எஃகு தன் மேல் படியும் துருவையே கவசமாக்கிக்கொள்ளும் உலோகம். அதன் செந்நிறம் அழகானதுதான். ஆயினும் அத்துரு தொடுபவரின் கையிலும் உடையிலும் ஒட்டும். முதற்சில ஆண்டுகள் மழைநீரோடு வழிந்து தரையில் கறையாகும். நனைந்தும் உலர்ந்தும் வந்தால்தான் கவசம் உறுதிப்படும்; நீர் தேங்கும் குழிகளில் அரிப்பு நிற்காமல் தொடரும். நம் விதைக்காயோ வாய் திறந்த கிண்ணம் போன்றது. எந்த உலோகமானாலும் அடியில் வடிகால் துளை இல்லாவிட்டால் அது கொசுத்தொட்டியாகிவிடும். வரைபடத்தில் அத்துளையை நான் காணவில்லை.

கை படாமலிருக்கத்தான் வேலி என்றால், காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா என்று கேட்கத் தோன்றுகிறது. வெண்கலத்தையே வைத்துக்கொண்டு அளவைக் குறைக்கலாமே. வார்ப்பின் சுவர்த்தடிமனை மாற்றாமல் ஏழடி உயரத்தை ஐந்தடியாக்கினால், பரப்பளவு ஏறக்குறைய பாதியாகிறது. உருக்கவேண்டிய உலோகமும் அவ்வாறே. ஐந்தடி என்பது ஒரு சிறுமியின் கைக்கு எட்டும் உயரமும்கூட. தொடத்தொட வெண்கலத்தின் மேல்நிறம் தேய்ந்து பொன்னிறம் வெளிப்படும் என்பது உண்மை. வத்திக்கான் தேவாலயத்தில் உள்ள புனித பேதுருவின் வெண்கலச் சிலையில் பாதம் அப்படித்தான் மழுங்கியிருக்கிறது. அதைச் சேதமென்று நான் கருதமாட்டேன். நம் சிற்பத்துக்கு ஆண்டுதோறும் மெழுகு பூசினால் போதும். அதற்கான தொகையை இப்போதே ஒதுக்கிவிடுவது நல்லது.

குழந்தைகள் ஏறி விழுந்துவிடுவார்கள் என்ற உங்கள் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் ஏறத் துணிந்த குழந்தையை வேலி தடுப்பதில்லை. பீடம் விழும் உயரத்தைக் கூட்டுகிறது, கம்பிமுனைகள் காயத்தைக் கூட்டுகின்றன. உண்மையான ஆபத்து காயின் இதழ்களுக்கிடையே உள்ள இடைவெளிகளில் இருக்கிறது. விளையாட்டுத் திடல் கருவிகளுக்கான அமெரிக்க வழிகாட்டுதல், 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட திறப்புகளைத் தவிர்க்கச் சொல்கிறது. உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக்கூடிய அளவு அது. சிற்பி ஒவ்வோர் இடைவெளியையும் அதற்குக் குறைவாகவோ மிகுதியாகவோ அமைத்து, விளிம்புகளை உருட்டி, சுற்றுத்தரையை மென்மையாக்கினால் வேலிக்கு வேலையில்லை. உச்சிவெயிலில் உலோகம் சுடும் என்பதால், கட்டட நிழல் விழும் பக்கத்துக்குச் சற்றே நகர்த்துவதும் நலம்.

இறுதி வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன், சிற்பியின் களிமண் மாதிரியை ஒரு மாலை கூடத்தில் வைத்து, மாலை வகுப்புக்கு வரும் குழந்தைகளைத் தொடவிடுங்கள். அவர்களின் கைகள் முதலில் எங்கே போகின்றன, விரல் எங்கே சிக்குகிறது என்பதைச் சிற்பி அருகிலிருந்து குறித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கூடத்தைப் பயன்படுத்தும் குடியிருப்பாளர் ஒருவர்