வெள்ளிக் கோப்பைக் காட்சியை ஏன் நீக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் அண்மையில் தமிழில் மேடையேறிய தாமஸ் மோர் என்ற பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசியலாளரைப் பற்றிய நாடகம் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வந்த விமர்சனம், அதனை மன்னனுக்கும் மனசாட்சிக்கும் நடந்த போராகக் கண்டு பாராட்டியிருந்தது. நடிகர்களுக்குக் கிடைத்த பாராட்டு முற்றிலும் தகும். ஆனால், ராபர்ட் போல்ட் எழுதி 1960-இல் லண்டனில் அரங்கேறிய ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ என்ற மூல நாடகத்தின் உயிர்நாடியான காட்சி ஒன்று இங்கே நீக்கப்பட்டதைப் பற்றி விமர்சகர் ஒரு வரிகூட எழுதாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தம் மணவிலக்குக்காகப் போப்பாண்டவரின் அதிகாரத்தையே மறுத்ததும், அதற்கு இசையாத மோர் 1532-இல் நாட்டின் உயர்ந்த நீதிப் பதவியான சான்சலர் பதவியைத் துறந்ததும், 1535-இல் தலை துண்டிக்கப்பட்டு மாண்டதும் வரலாறு. இதை மட்டும் மேடையில் காட்டினால், பார்ப்பவர்கள் ஒரு பெரிய மனிதரை வணங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நீக்கப்பட்ட காட்சியில், ஒரு பெண் அனுப்பிய வெள்ளிக் கோப்பை மோரின் கையில் இருக்கிறது. அவளுக்கு நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதும், ஆகவே கோப்பை கையூட்டு என்பதும் தெரிந்தவுடன், பதவி கேட்டு வந்து நிற்கும் ரிச்சர்ட் ரிச் என்ற இளைஞனிடம் அதைக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை வேண்டாம், ஆசிரியர் வேலைக்குப் போ என்கிறார். ரிச்சுக்கு அது கௌரவக் குறைவாகப் படுகிறது. கோப்பையை விற்று நல்ல அங்கி ஒன்று வாங்கிக்கொள்கிறான். பிறகு மோரை வீழ்த்த முனையும் மன்னரின் அமைச்சர் கிராம்வெல்லிடம் சேர்கிறான். அந்தக் கோப்பையையே மோருக்கு எதிரான சான்றாக்கவும் முயற்சி நடக்கிறது. இறுதியில் மோருக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொல்ல வரும்போது அவன் கழுத்தில் வேல்ஸ் பகுதி அரசு வழக்கறிஞரின் பதவிச் சங்கிலி தொங்குகிறது. முன்னொரு காட்சியில் மோர் தம் சான்சலர் சங்கிலியைக் கழற்றித் தரச் சொல்லும்போது மனைவி மறுக்க, மகள் மார்கரெட் கழற்றுகிறாள். இந்த இரண்டு சங்கிலிகளையும் பார்ப்பவர்கள் ஒன்றாக எண்ணிப் பார்க்க வேண்டுமானால், ரிச் முதலில் எப்படிப்பட்டவனாக வந்தான் என்பதை அவர்கள் கண்டிருக்க வேண்டும். வரலாற்றிலோ அந்த ரிச் பின்னாளில் சான்சலராகவே ஆனார்.

1957-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகம் முதன்முதலாக அரங்கேறிய ஊர் நம் சேலம். காட்டிக்கொடுப்பவன் என்றதும் எட்டப்பன் பாத்திரத்தை நினைத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போனது. கெட்டவன் யார் என்பது அங்கே முதலிலேயே தெரிந்துவிடுகிறது. ரிச் அப்படி வருவதில்லை. படித்தவன், கூச்ச சுபாவம் உள்ளவன், செல்வாக்குள்ளவர்கள் யாராவது கைதூக்கிவிட மாட்டார்களா என்று ஏங்குபவன். நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளைப் போலவே இருக்கிறான். ஊழல் ஒரு மனிதனுக்குள் எவ்வளவு மெதுவாக நுழைகிறது என்பதை இவனைக்கொண்டுதான் நாடகம் காட்டுகிறது. அவனுக்குரிய தொடக்கத்தை வெட்டிவிட்டு, நீதிமன்றத்தில் மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் வெறும் வில்லனாகிவிடுகிறான்.

இத்துடன், பணியாளாகவும் படகோட்டியாகவும் சிறைக்காவலனாகவும் கடைசியில் மோரின் தலையை வெட்டும் தண்டனைப் பணியாளனாகவும் உடை மாற்றி மாற்றி வரும் சாமானியன் பாத்திரத்தையும் சுருக்கியிருந்தார்கள். தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்த நம் மக்களுக்கு அவனை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மோரைக் களங்கமே இல்லாதவராக விமர்சகர் வருணித்ததையும் என்னால் ஏற்க இயலவில்லை. அவர் சான்சலராக இருந்தபோது சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். அதை அவர் சரியென்றே கருதினார்.

இந்நாடகத்தை ஏற்காட்டில் மீண்டும் மேடையேற்றப் போவதாக அறிகிறேன். நேரம் போதவில்லையென்றால் இறுதி உரையைச் சற்றுக் குறைத்தாவது, கோப்பைக் காட்சியை முழுமையாகச் சேர்க்குமாறு குழுவினரைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.